ஞாயிற்றுக்கிழமை இழைத்த பலகைகள்

என் அக்கா வீட்டுக்காரர் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். தச்சு வேலை செய்பவர். கதவோ கட்டிலோ எது கேட்டாலும் பதில் ஒரு "ம்"தான். அது "சரி"யா, "முடியாது"வா என்று அக்காவுக்கு மட்டும்தான் புரியும்.

எங்கள் ஆலயத்தை ஒரு கும்பல் எரித்த பிறகு ஞாயிறு ஆராதனை அத்தானின் பட்டறைக்கு வந்தது. வேறு கூரை இல்லை, அவ்வளவுதான். பாட்டு தெருவுக்குக் கேட்கக் கூடாது என்று இழைக்கும் மெஷினை ஓட விடுவார். அந்த இரைச்சலுக்கு அடியில் நாங்கள் பாடுவோம். மெஷின் சும்மா ஓடினால் சத்தம் மாறிக் காட்டிக் கொடுத்துவிடும் என்பதால், பாட்டு முடியும்வரை பலகையைத் தள்ளிக்கொண்டே நிற்பார். அதனால் அவர் மட்டும் பாடியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை இழைத்த பலகைகள் அட்டையாக மெலிந்து, எதற்கும் உதவாமல் மூலையில் கிடந்தன.

"மரத்தைத் தேய்ச்சே நம்மளைக் காப்பாத்துறாரு" என்பாள் அக்கா.

பிறகு எங்கள் போதகரைப் போலீஸார் பிடித்துக்கொண்டு போனார்கள். ஜெபம் நடத்தியதுதான் குற்றம். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்கப் போனவர்களை மிரட்டித் துரத்தினார்கள். கேட்டுக் கேட்டு எங்களுக்கும் அலுத்துவிட்டது. அப்போதுதான் வெளிநாட்டில் இருக்கும் அத்தானின் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, எங்க சபையில பெரிய பெரிய ஆளுங்க இருக்காங்க. மந்திரிகிட்டயே பேசுவாங்க. ஞாயித்துக்கிழமை ஸ்கிரீன்ல வாங்க. ஒரு பாட்டு பாடிட்டு, போதகரைப் பத்திச் சொல்லுங்க. ஆனா அந்த மெஷினை நிறுத்திடுங்க, ஒரு எழவும் கேக்காது."

நான் குறுக்கிட்டேன். "அத்தான், நிறுத்தினா தெருவுக்குக் கேக்குமே."

"போதகருக்காகத்தானே," என்றார்.

மெஷின் நின்றது. போன் திரையில் ஒரு பெரிய கூடம், மெத்தை நாற்காலிகள், வரிசையாக மலர்ந்த முகங்கள். பாடினோம். கை சும்மா இருந்ததால் அத்தானும் பாடினார். கட்டைக் குரல், சுருதிக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். அக்கா சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டாள். பாட்டு முடிந்ததும் போதகரின் பெயரை நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "அவரை எங்க வச்சிருக்காங்கன்னாவது கேட்டுச் சொல்லுங்க. கெஞ்சிக் கேக்குறோம்." அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. அங்கே எல்லோரும் சிரித்தபடி கையசைத்தார்கள்.

திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் அதே கும்பல் கதவை உடைத்துக்கொண்டு வந்தது. பிள்ளைகளைப் பின்வாசல் வழியாகத் தள்ளிவிட்டோம். தடுக்கப் போன அத்தானின் கையை இரும்புக் கம்பியால் அடித்தார்கள். பிறகு தீ வைத்தார்கள். அட்டையாகக் கிடந்த பலகைகள்தான் முதலில் பற்றின. பட்டறை முழுவதும் போய்விட்டது.

சாயங்காலம் தங்கை கூப்பிட்டாள். அத்தானுக்குக் கையில் கட்டு. நான்தான் போனைப் பிடித்திருந்தேன்.

"அண்ணா, எல்லாருக்கும் கண்ணு கலங்கிடுச்சு! ஏதோ கோளாறு, உங்க சத்தம் மட்டும் வரவே இல்ல. ஆனா பாக்கவே அவ்வளவு அழகா இருந்துச்சு."

"போதகர் விஷயம்?" என்றார் அத்தான்.

"நான் தனியாச் சொன்னேன்ணா. அரசியல்ல தலையிட வேண்டாம், ஜெபத்துல வச்சுக்கலாம்னுட்டாங்க. அடுத்த மாசம் இன்னொரு பாட்டு பாடுறீங்களா? இந்தத் தடவை சத்தம் கேக்குற மாதிரி?"

எனக்கு வந்த கோபத்தில் போனை விட்டெறிய இருந்தேன். அத்தான் கண்ணாலேயே அடக்கினார்.

"கேட்டுதும்மா," என்றார். "தெருவுக்கு நல்லாவே கேட்டுது."