விழுந்தால் கூவும் வாட்ச்

மேலூர் அழகுபாண்டி இருபத்திரண்டு வருடமாகக் கட்சியில் இருக்கிறார். மேடையில் பேசத் தெரியாது, போஸ்டர் ஒட்டினால் கோணல். ஆனால் காலில் விழுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தாலும் வேட்டி கசங்காது, துண்டு நழுவாது. அப்படி விழுந்தும் ஒரு கவுன்சிலர் சீட்டு கிடைக்கவில்லையே என்பதுதான் அவருடைய வயிற்றெரிச்சல்.

அவருக்குச் சர்க்கரை வேறு. இரண்டு தடவை மயங்கி விழுந்ததும் மனைவி தமிழ்ச்செல்வி பயந்துபோய், பஸ் ஸ்டாண்டு செல்போன் கடையில் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கட்டிவிட்டாள். ஆள் விழுந்தால் அது கூவும். நிறுத்தாவிட்டால் வீட்டுக்குப் போன் போடும். கடைக்காரர் சிவனாண்டி ஒரு வருடத்தில் விற்ற முதல் வாட்ச் அது.

"இதெல்லாம் எப்பத்தான்க்கா எல்லாரு கையிலயும் ஏறும்?" என்று அவளிடமே புலம்பினார்.

மறுவாரம் மதுரையில் மாவட்டச் செயலாளர் வீட்டில் சீட்டு கேட்டு ஒரே கூட்டம். கட்சிக்காரர்களுக்கு அவர் வெறும் 'மாவட்டம்'. அழகுபாண்டி போய் விழுந்தார். மாவட்டம் போனில் பேசிக்கொண்டிருந்ததால் எழச் சொல்லவில்லை. சொல்லாமல் எழுவது மரியாதையா? அப்படியே கிடந்தார். வாட்ச் கூவ ஆரம்பித்தது. நிறுத்த வேண்டுமானால் கும்பிட்ட கையைப் பிரிக்க வேண்டும். அவர் பிரிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் வாட்சிலிருந்து தமிழ்ச்செல்வியின் குரல் ஹால் முழுக்கக் கேட்டது.

"என்னங்க, மயங்கிட்டீகளா?"

"இல்ல புள்ள. மாவட்டம் கால்ல..." என்றார் தரையைப் பார்த்தபடி.

"நெனச்சேன்! இருபத்திரண்டு வருசமா விழுகுறீக, அந்தாளு என்னத்தக் குடுத்தாரு? நம்ம வார்டுல தண்ணி வந்து ஒம்பது நாளாச்சு. அதக் கேக்கத் துப்பில்ல. எந்திரிச்சு வீட்டுக்கு வாங்க!"

தன் அரசியல் வாழ்க்கை முடிந்தது என்று அழகுபாண்டி கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

மாவட்டம் போனை வைத்தார். "உன் சம்சாரமாய்யா?"

"ஆமாண்ணே. மன்னிச்சிருங்க."

"உன் வார்டு இந்தத் தடவ பொம்பளைகளுக்குப் போயிருச்சு. நிறுத்த ஆளில்லாம முழிச்சுக்கிட்டிருந்தேன். பேசாம இந்தத் தங்கச்சியவே நிறுத்து."

தமிழ்ச்செல்வி நானூறு ஓட்டில் ஜெயித்தாள். வாட்ச் கட்டி விழுந்ததால்தான் சீட்டு கிடைத்தது என்று ஊர் முழுக்கப் பேச்சு. சிவனாண்டி மூன்றாவது தடவையாகச் சரக்கு இறக்கிவிட்டார். இப்போது தினமும் காலையில் கவுன்சிலர் வீட்டு வாசலில் வாட்ச் கட்டிய ஆட்கள் வரிசையாக விழுகிறார்கள். எல்லா வாட்சும் சேர்ந்து கூவுகின்றன.

"எந்திரிங்கய்யா மொதல்ல!" என்று அவள் கத்துகிறாள்.

பக்கத்தில் நிற்கும் அழகுபாண்டிக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனாலும் மனசு வலிக்கிறது. ஒருத்தனுக்கும் வேட்டி கசங்காமல் விழத் தெரியவில்லை.