ட்ரெய்லரோடு கிளம்பிய காலை

ஐம்பது தாண்டியதுமே வேலைக்கு முழுக்குப் போட்டேன். அந்தக் குளிர்காலத்தில், படுக்கையும் அடுப்பும் உள்ள குட்டி ட்ரெய்லரைக் காரில் மாட்டி, நானும் மனைவியும் யாங்கோனிலிருந்து வடக்கே கிளம்பினோம். அவளுடைய பல வருட ஆசை அது. எல்லாச் சக்கரங்களுக்கும் நானே எலுமிச்சம்பழம் வைத்தேன். கார் தன் சக்கரத்துப் பழங்களை நசுக்கி நகர்ந்தது. அடுத்த நொடி பின்னால் 'படக்' என்றது.

"ஐயோ, அச்சு முறிஞ்சிருச்சு! வீட்டுக்கே திரும்பிருவோம்!"

"அது ட்ரெய்லருக்கு நீங்க வச்ச பழங்க. திரும்பணும்னா ரிவர்ஸ் எடுங்க, பாப்போம்."

ட்ரெய்லரோடு ரிவர்ஸ் எடுக்க எனக்குத் தெரியாது. மாவீரனைப்போல முன்னே ஓட்டினேன்.

மிங்கலாடோன் தாண்டியதும் அவள் ஜன்னலை இறக்கிக் குளிர்காற்றில் முகத்தைக் காட்டினாள்.

"போற ஊர்ல ரிவர்ஸ் பழகிடறேன்."

"எதுக்கு? முன்னாடி இன்னும் எவ்வளவு ரோடு இருக்கு!"