போத் வந்தால் ஆண்ட் வரணும்

ஓண விடுமுறைக்கு வண்டிப்பெரியாரில் எங்கள் ஹாஸ்டல் ஒரே காலையில் காலியாகிவிட்டது. எஸ்டேட் பிள்ளைகள் ஒவ்வொருத்தியையும் யாராவது வந்து அழைத்துக்கொண்டு போனார்கள். மத்தியானச் சோற்றுக்கு அந்த நீள பெஞ்சில் நான் மட்டும்தான் உட்கார்ந்திருந்தேன். அப்போது ஐந்தாம் வகுப்பு. மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது.

இங்கிலீஷ் டீச்சரும் ஊருக்குப் போகவில்லை. பரீட்சையில் ‘நைதர்’ எழுதி, பின்னால் ‘ஆர்’ போட்டவள் நான். அதைச் சாக்காக வைத்து என்னைப் பக்கத்தில் இருத்திக்கொண்டார். மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்:

“இதெல்லாம் ஜோடியாணு, கேட்டோ. நைதர் வந்தா நார் வரணும். போத் வந்தா ஆண்ட் வரணும். ஒண்ணை விட்டு மத்தது நிக்காது.”

சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அப்பா, அம்மா இருவரும் இன்று வருவார்கள் என்று போத், ஆண்ட் போட்டு எழுதினேன். டீச்சர் சிவப்பு மையில் ‘சரி’ போட்டார். அதன்பிறகு நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. வந்து நின்ற ஒவ்வொரு பஸ்ஸிலும் அம்மாவின் பச்சைச் சேலையைத் தேடினேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் அப்பா வந்தார். தனியாக, நனைந்த கம்பளியோடு.

“அம்மா கம்பத்துக்குப் போயிருக்கா தாயி, அவ அண்ணன் வீட்டுக்கு.”

பிறகு டீச்சரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். எனக்கோ வேறு கவலை.

“அப்போ என் வாக்கியம் தப்பா டீச்சர்?”

அவர் என் தலையில் கை வைத்தார். “இல்ல மோளே, வாக்கியம் சரிதான்.” குரல் கம்மியிருந்தது. மழைக்கு ஜலதோஷம் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன்.

எஸ்டேட் பஸ்ஸில் அப்பாவுக்கு ஜோடிச் சொற்களை விளக்கினேன். ஒரு ஆள் மட்டும் வந்தால் எந்த ஜோடி போடவேண்டும் என்றும் கேட்டேன். அவர் முகத்தைத் தேயிலைச் சரிவின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“ஒத்தைக்கு எதுக்குத் தாயி சோடி?”

அம்மா இனி திரும்பமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். அது எனக்குத் தெரியவர வருஷங்கள் ஆயின. இங்கிலீஷ் தெரியாத வெட்கத்தில்தான் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று அன்று எண்ணினேன். வழிநெடுக அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவரும் ஒரு வார்த்தை மறுக்காமல், “போத், ஆண்ட். போத், ஆண்ட்” என்று என் பின்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தார்.