மூன்றாம் நம்பர் ஜெர்சியும் பிலோமினா அக்காவும்

பாஷா பாய் காலை வேளையில் டீக்கடையை விட்டு வெளியே வருகிற ஆள் இல்லை. அவர் எங்கள் சந்துக்குள் நடந்து வருவதைக் குழாயடியிலிருந்து பார்த்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. குடத்தை ஓரமாக வைத்துவிட்டு நின்றேன்.

“அக்கா போய்ட்டாங்கம்மா,” என்றார்.

“எந்த அக்கா?” என்று கேட்டேன். எங்கள் கிரவுண்டுக்கு வருகிற யாருக்கும் அக்கா என்றால் பிலோமினா அக்கா ஒருத்திதான். அது எனக்குத் தெரியாதா? இருந்தாலும் கேட்டேன். அவளோடு நேருக்கு நேர் பேசிப் பல வருஷமான வாய், அவள் பெயரை முதலில் சொல்ல மாட்டேன் என்றது.

 பாஷா பாய் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “உங்களுக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னாங்க. ஆஸ்பத்திரில, நேத்து சாயந்தரம்,” என்றார்.

“சொல்லுங்க.”

“‘பாஷா, அந்தம்மாகிட்ட சொல்லு. இந்த வருஷம் ரெண்டாம் நம்பரும் மூணாம் நம்பரும் அவங்க கையால குடுக்கட்டும். எம் பேரன்னு பாக்க வேணாம். அந்தம்மாவுக்கு வாய்தான் கெட்ட வாய், கண்ணு நல்ல கண்ணு.’ இப்டியே சொல்லச் சொன்னாங்க.”

சாகப் போகிற நேரத்திலும் ஒரு நல்ல வார்த்தையை முழுசாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை பாருங்கள். அதுதான் பிலோமினா அக்கா.

அவளைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என்றாலும் புதிதாக வந்திருக்கிற பையன்களுக்கு அந்த இரண்டு நம்பர்களின் கதை தெரியாது, அதனால் சொல்லிவிடுகிறேன். எங்கள் மர்பி டவுன் புட்பால் டீமுக்குக் கோல் போடுகிற ஆள் என்றைக்கும் நிலைத்ததில்லை. நன்றாகக் கோல் போட்டால் அடுத்த வருஷமே பெரிய கிளப் ஒன்று அவனைத் தூக்கிக்கொண்டு போய்விடும். பின்னால் நின்று தடுக்கிற பேக்கை எவனும் வந்து கேட்பதில்லை. அதனால் எங்களுக்கு மிஞ்சுகிறவர்கள் இடது ஓரத்தில் ஒருத்தன், வலது ஓரத்தில் ஒருத்தன், அந்த இரண்டு பேக்குகள்தான். அவர்கள் தடுக்கவும் வேண்டும், கோடு முழுக்க ஓடிப்போய்ப் பந்தை உள்ளே போடவும் வேண்டும், போட்டுவிட்டு ஓடி வந்து மறுபடியும் தடுக்கவும் வேண்டும். ஒரு ஆளுக்கு இரண்டு ஆள் வேலை. ஒவ்வொரு வருஷமும் லீக் தொடங்குவதற்கு முன்னால் எங்கள் தெருவில் பேசுகிற பேச்சு முழுவதும் அவர்களைப் பற்றித்தான். “இந்த வருஷம் ரெண்டு பேக்கும் செட்டாயிட்டானுங்க, பாரேன்” என்று சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, ஆனால் மழை முடிந்து கிரவுண்டில் சுண்ணாம்புக் கோடு விழுந்ததும் வாய் தானாக மறுபடி சொல்கிறது.

பிலோமினா அக்காவின் புருஷன் ரைட் பேக். இரண்டாம் நம்பர். அவர் தவறிய வருஷம், அவருடைய ஜெர்சியை அக்கா தன் கையால் துவைத்து, காயவைத்து, அடுத்து ஆட வேண்டியவன் கையில் கொடுத்தாள். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. லீக்குக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எல்லா ஜெர்சியும் குழாயடியில் துவைத்துத் தெருவுக்குக் குறுக்கே கொடியில் காயும். மற்ற நம்பர்களைக் கோச் கொடுப்பார். இரண்டையும் மூன்றையும் அக்கா கொடுப்பாள். கோச்கள் எத்தனையோ பேர் மாறினார்கள், யாரும் அதில் கை வைக்கவில்லை. மரியாதை என்று அவர்கள் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து அது பயம்.

அவள் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆயா வேலை பார்த்தவள். பிள்ளைகளை வரிசையாக நிறுத்துகிற குரல். அந்தக் குரலோடு கிரவுண்டின் இடது ஓரத்தில் வந்து நிற்பாள். சாயங்கால வெயில் நேராகக் கண்ணில் குத்துகிற இடம் அது. “எதிர்ப்பக்கம் மரம் இருக்குதே, அங்க நிக்கலாமேக்கா” என்று ஆரம்பத்தில் ஒருநாள் கேட்டேன். “லெப்ட் பேக்குக்கு மட்டும் வெயில் அடிக்கலாமா? அவன் கூட நாம நிக்க வேணாமா?” என்றாள். அன்றிலிருந்து நானும் அங்கேதான் நின்றேன்.

பார்க்கக் கற்றுக்கொண்டதும் அங்கேதான். எல்லாரும் பந்தோடு கண்ணைக் கொண்டுபோவார்கள். அக்கா போக மாட்டாள். “பந்து போயிடுச்சு, விடு. அனுப்புனவன் இன்னா பண்றான் பாரு,” என்பாள். பந்தை உள்ளே போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்து நிற்கிறானா, கோல் விழுமா என்று வேடிக்கை பார்க்கிறானா, பந்து தரையில் படும் முன்னாலேயே முதுகைத் திருப்பிக்கொண்டு ஓடி வருகிறானா. அவளுக்கு வேண்டியது அந்த ஒன்றுதான். “போறதுக்கு ஆயிரம் பேரு இருக்கான். வர்றவந்தான் பேக்கு.”

அந்த வார்த்தையைத்தான் என் மகன் மேலும் எறிந்தாள்.

என் மகன் செல்வம் மூன்றாம் நம்பர் போட்டு ஆடியவன். ஓடினால் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். கடைசி வருஷம் ஒரு மேட்சில் இடது ஓரத்திலிருந்து உள்ளே புகுந்து அவனே அடித்தான். பந்து மேல் கம்பியில் பட்டுத் திரும்பியது. கிரவுண்டே ஐயோ என்றது. அவன் தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டான். அவன் விட்டுவிட்டுப் போன இடத்தின் வழியாகவே எதிர் டீம்காரர்கள் வந்து கோல் போட்டார்கள். லீக்கில் நாங்கள் கீழே இறங்கியது அந்தக் கோலால்தான் என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். சொன்னவர்கள் பெயரெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது.

அடுத்த சீசன், ஜெர்சி கொடுக்கிற ஞாயிறு. செல்வம் தலை சீவிக்கொண்டு முன்னால் வந்து நின்றான். அக்கா கொடியிலிருந்து மூன்றாம் நம்பரை எடுத்து, அவனைத் தாண்டி, பின்னால் நின்ற வேறொரு பையன் கையில் வைத்தாள்.

“அக்கா, செல்வம் இங்க நிக்கிறான்,” என்றேன்.

“தெரியுது கன்னியம்மா.”

“தெரிஞ்சிக்கினே தாண்டிப் போறியா?”

“அவன் போறான், வர்றதில்ல. நான் இன்னா பண்ண?”

தெரு முழுக்க நின்றது. யாரோ சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் பாதி அந்தச் சிரிப்புக்கு. “உம் புருஷன் பந்த உட்டுட்டு ஆள உதைச்சவன், அவனுக்கு நீ கோயில் கட்டுற!” என்று கத்தினேன். அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். செல்வம் அதற்குப் பிறகு பூட்ஸைத் தொடவில்லை. பீன்யாவில் பாக்டரி வேலைக்குப் போனான், கல்யாணம் ஆனதும் பொம்மனஹள்ளிப் பக்கம் வீடு பார்த்துக்கொண்டான். நான் அக்காவோடு பேசுவதை அன்றோடு நிறுத்தினேன்.

ஆனால் கிரவுண்டுக்குப் போவதை எப்படி நிறுத்துவது? இடது ஓரத்தை அவளுக்கு மட்டும் எழுதிக் கொடுத்துவிட முடியுமா? நானும் அங்கேதான் நின்றேன், அவளும் அங்கேதான் நின்றாள். நடுவில் பாஷா பாய் டீக் கெட்டிலோடு நிற்பார்.

“பாஷா பாய், அந்தம்மாகிட்ட சொல்லுங்க, குடைக்கம்பி என் கண்ணுல குத்துது.”

“பாஷா, கண்ண வேற பக்கம் வெச்சுக்கச் சொல்லு. மேட்சு அந்தப் பக்கம் நடக்குது.”

“பாஷா பாய், இந்த வருஷம் போட்ட லெப்ட் பேக் லட்சணத்தப் பாத்தாங்களான்னு கேளுங்க.”

“பாஷா, அவன் திரும்பி வர்றத பாத்தாங்களான்னு கேளு.”

அவர் ஒருநாள் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு, “ஏம்மா, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு முழம்கூட இல்ல. உங்களுக்கே கேக்குது, அவங்களுக்கும் கேக்குது. நடுவுல நான் எதுக்கு?” என்றார். “டீ ஊத்து,” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அதுதான் அத்தனை வருஷத்தில் நாங்கள் சேர்ந்து பேசிய பேச்சு.

என் வீட்டுக்காரர் தவறியபோது அக்கா வந்தாள். யாரோடும் பேசாமல் பின்பக்கம் போய், வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டு, சாமான் முழுவதும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சாயங்காலம் எழுந்து போனாள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. நானும் சொல்லவில்லை. நல்லது செய்தாள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் செல்வத்தைத் தாண்டிப் போன அந்தக் கை எனக்கு மறக்கவில்லை. சாமான் கழுவியது ஒரு கணக்கு, ஜெர்சி வேறு கணக்கு.

அவளை அடக்கம் செய்த அன்று செல்வத்துக்குப் போன் பண்ணினேன். “நல்ல மனுஷிம்மா. அவங்க அன்னிக்கு சொன்னது நெசந்தானே,” என்றான். நான் போனை வைத்துவிட்டேன். அவனுக்காகத்தான் இத்தனை வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவனோ எப்போதோ விட்டுவிட்டிருக்கிறான், எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமலே.

இப்போது அந்த ஜெர்சி என் தலையில் விழுந்தது. இரண்டாம் நம்பரில் பேச்சே இல்லை, பழைய ஆள்தான். மூன்றாம் நம்பருக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தன் அக்காவின் பேரன் டேனி. இன்னொருத்தன் மஞ்சு, கன்னடப் பையன், பீன்யாவில் ஷிப்ட் முடித்து டிபன் பாக்ஸோடு நேராகக் கிரவுண்டுக்கு வருகிறவன். தெருவில் எல்லாருக்கும் டேனிதான். “அவங்க ஆயா ஞாபகமா இருக்கும், குடுத்துடு கன்னியம்மா,” என்றார்கள். “உனக்கும் பழசு தீந்த மாதிரி ஆயிடும்.”

பிராக்டிஸுக்குப் போனேன். இப்போதெல்லாம் அவ்வளவு தூரம் நடந்தால் முழங்கால் என்னைத் திட்டுகிறது. இடது ஓரத்தில், வெயிலில், தனியாக நின்று பார்த்தேன். டேனி ஓடினான்.  அதே தோள், அதே துள்ளல், என் செல்வமே ஓடுகிற மாதிரி இருந்தது. பந்தை உள்ளே போட்டான். போட்டுவிட்டு நின்றான், இடுப்பில் கை வைத்து. மஞ்சு ஓடுவதைப் பார்க்க ஒன்றுமில்லை, சாக்குமூட்டை உருண்டு போவது போல இருக்கும். ஆனால் பந்து தரையைத் தொடும் முன்னாலேயே அவன் முதுகு தெரிந்தது.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. டேனிக்குக் கொடுத்தால் கன்னியம்மா இளகிவிட்டாள் என்பார்கள். கொடுக்காவிட்டால் செத்தவள் மேல் பழி தீர்த்தாள் என்பார்கள். அக்காவுக்கு இது தெரிந்திருக்கும். நன்றாகத் தெரிந்துதான் என்னிடம் தள்ளிவிட்டுப் போயிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெர்சிகளைத் துவைத்தோம். கொடியில் கடைசியாகத் தொங்கிய மூன்றாம் நம்பரை எடுத்தேன். டேனி முன்னால் நின்றான், கண் சிவந்திருந்தது. பக்கத்தில் அவன் அம்மா ஸ்டெல்லா, அக்காவின் மகள், கறுப்புப் புடவையில் இருந்தாள். நான் டேனியைத் தாண்டிப் போனேன்.

“அஜ்ஜி, எனக்கா? டேனிக்கு இல்லியா?” என்றான் மஞ்சு. பாட்டிக்கு அவன் பாஷையில் அஜ்ஜி.

“உனக்குத்தான். பிடி.”

“எங்கம்மாவப் பொதச்ச ஈரம் காயல,” என்றாள் ஸ்டெல்லா. “அதுக்குள்ள பழி வாங்கிட்டீங்க இல்ல?”

உன் அம்மா சொன்ன அளவுகோல்தான் இது என்று சொல்லியிருக்கலாம்.  அக்காவும் அன்றைக்கு எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கவில்லையே. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டேன்.

முதல் மேட்ச் போன வாரம் முடிந்தது. தோற்றோம். மஞ்சு முன்னால் ஓடிய ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தான், கோல் வேறு பக்கமாக விழுந்தது. எங்கள் டீம் அப்படித்தான். அடுத்த மேட்சில் சரியாகிவிடும் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். நானும் தலையாட்டினேன்.

பிலோமினா அக்காவுக்கு நான் பெரிய அஞ்சலி ஒன்றும் வைக்கவில்லை. செல்வம் விஷயத்தில் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறும் என்றும் தோன்றவில்லை. அவளிடமிருந்து என்னிடம் இருப்பது, பந்து போன பிறகும் ஆளைப் பார்க்கிற கண். அப்புறம் அந்த இடது ஓரத்து வெயில். இன்னொன்றும் சேர்ந்து வந்திருக்கிறது. அந்த முதல் மேட்ச் தொடங்கினபோது அக்கா நிற்கிற இடத்தில் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை, நிழலை வைத்தே ஸ்டெல்லா என்று தெரிந்தது.

“பாஷா பாய்,” என்றாள் அவள். “அந்தம்மாகிட்ட சொல்லுங்க, குடை இடிக்குது.”

பாஷா பாய் கெட்டிலோடு என் முகத்தைப் பார்த்தார். நான் பிடித்திருந்த குடையை இம்மிகூட நகர்த்தவில்லை.

“பாஷா பாய்,” என்றேன், “மேட்சப் பாக்கச் சொல்லுங்க.”