வலது ஓரத்துக்குப் போன பந்துகள்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பெனி ஆட்களோடு கால்பந்து விளையாடப் போயிருந்தேன். போயிருக்கக் கூடாது. முட்டி இன்னும் என்னோடு பேச மறுக்கிறது. ஆனால் டூல் ரூமில் வேலை பார்க்கும் பையன்கள் வந்து, "சார், நீங்க காலேஜ் டீம்ல ஆடுனவராமே" என்று கேட்டால், இந்த வயதில் அதை மறுக்கிற அளவுக்கு நான் பக்குவப்பட்டவன் இல்லை. ஓசூரில் பாகலூர் ரோட்டில் புதிதாகப் போட்டிருக்கும் டர்ஃப் அது. பச்சை பிளாஸ்டிக் புல், சுற்றிலும் வலை. வெயில் ஏற ஏற ரப்பர் வாசம் மூக்கில் ஏறுகிறது. பக்கத்துக் காலிமனையில் யாரோ சருகைக் கூட்டிக் கொளுத்தியிருந்தார்கள். அந்தப் புகை உள்ளே வந்த நேரத்தில்தான் பந்து என் காலுக்கு வந்தது. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வலது ஓரத்துக்கு நீளமாக அடித்தேன். அங்கே யாரும் இல்லை. பந்து வலையில் மோதியது.

"யாருக்கு சார் போட்டீங்க?" என்றான் ஒரு பையன். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

புகை வாசம் என்றால் எனக்கு முனிராஜ்தான். காலேஜ் டீமில் வலது ஓரத்தில் ஆடியவன், ஜவளகிரிப் பக்கத்துப் பையன். காட்டை ஒட்டி ராகிக் கொல்லை. கார்த்திகை பிறந்துவிட்டால் யானைக் கூட்டம் இறங்கிவிடும், வீட்டுக்கொரு ஆள் கீழே தீ மூட்டிவிட்டு, மரத்தில் கட்டிய பரண் மேல் ராத்திரி முழுக்கக் காவல் இருக்க வேண்டும். அந்தக் காவலிலிருந்து இறங்கி, முதல் பஸ் பிடித்து, தளி வழியாக ஓசூருக்குக் காலைப் பயிற்சிக்கு வந்துவிடுவான். அவன் ஜெர்ஸியை எத்தனை முறை துவைத்தாலும் விறகுப் புகை வாசம் போகாது. நாங்கள் அவனை நடமாடும் அடுப்பு என்று கூப்பிட்டோம். சிரித்துக்கொள்வான். தூக்கமில்லாத கண்ணோடு வருகிறவன், பந்தைக் கண்டால் மட்டும் எங்கிருந்து அந்த ஓட்டம் வரும் என்று தெரியாது.

எங்கள் அணியில் ஆளுக்கொரு பாஷை. பின்னால் நிற்பவன் கன்னடத்தில் கத்துவான், முன்னால் நிற்பவன் தெலுங்கில் திட்டுவான், நான் நடுவில் தமிழில் முழிப்பேன். முனிராஜுக்கு எல்லாமே தெரியும். ஆனால் மைதானத்தில் அவன் வாயே திறக்க மாட்டான். பந்து வேண்டுமென்றால் இரண்டு முறை கை தட்டுவான். அவ்வளவுதான். அது காதில் விழுந்ததும் நான் வலது ஓரத்துக்கு அடிப்பேன். பார்க்கவே மாட்டேன். பார்க்காமல் அடிக்கிறான் பாருங்கள் என்று ஊரே என்னைப் புகழ்ந்தது. நானும் நம்பிவிட்டேன். தலைமுடியை வேறு அதற்கேற்ற மாதிரி வளர்த்தேன்.

அந்த வருடம் காலேஜ்களுக்கு நடுவே நடக்கும் போட்டியில் கோப்பை எங்களுக்குத்தான் என்று பேச்சு. எங்கள் பி.டி. மாஸ்டர் பிரான்சிஸ் சார், எதையும் அளந்து பேசுகிறவர், அவரே மாதா கோயிலில் வேண்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். முதல் இரண்டு ஆட்டத்தையும் சுலபமாக ஜெயித்தோம். எல்லா கோலும் வலது ஓரத்திலிருந்து வந்தவைதான்.

பொங்கலுக்குச் சில நாள் முன்பு, விடிவதற்குள், முனிராஜ் பரணிலிருந்து இறங்கி பஸ்ஸுக்கு நடந்திருக்கிறான். ஏரிக்கரைத் திருப்பத்தில் ஒற்றை யானை நின்றிருக்கிறது. விடிந்து உடலை எடுத்தபோது, கயிற்றில் கட்டி மாட்டியிருந்த பூட்ஸ் கழுத்திலேயே இருந்ததாம். நாங்கள் மைதானத்தில் அவனுக்காகக் காத்திருந்தோம். அடுப்பு இன்னும் எரியவில்லை போல என்று யாரோ சொல்ல, சிரித்துக்கொண்டும் இருந்தோம்.

பிரான்சிஸ் சார் அதற்குப் பிறகு காலைப் பயிற்சியே வைக்கவில்லை. சாயங்காலத்துக்கு மாற்றிவிட்டார். விசில் மட்டும் கழுத்தில் தொங்கும், ஊதுவது குறைந்துவிட்டது.

முனிராஜ் இடத்துக்கு சலீம் வந்தான். இரண்டாம் வருட மாணவன், நல்ல ஆட்டக்காரன். ஆனால் ஓரமாக ஓடாமல் உள்ளே வந்து ஆடுகிறவன். நான் அடிக்கும் பந்தோ, அவனைத் தாண்டிப் பத்தடி முன்னால் போய்க் கோட்டுக்கு வெளியே விழும். சலீமைப் பார்த்துத்தான் அடிப்பேன். கால் வேறு யாரையோ பார்த்து அடிக்கும். என் வித்தையெல்லாம் என்னுடையது இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எங்கே அடித்தாலும் முனிராஜ் அங்கே போய் நின்றிருக்கிறான், அவ்வளவுதான் விஷயம். எனக்கு மட்டும் என்றில்லை, அணியில் எல்லோருடைய பந்தும் அங்கேதான் போனது. சார் என்னை இடது பக்கம் மாற்றிப் பார்த்தார். அங்கிருந்தும் வலது ஓரத்துக்கே அடித்தேன். ஒன்றில் தோற்றோம், ஒன்றைச் சமன் செய்தோம், மறுபடி தோற்றோம்.

தருமபுரியில் தோற்றுவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் சலீம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பந்தைச் சரியாகப் போடச் சொல்லிச் சண்டை பிடிப்பான் என்று நினைத்தேன். அவன் ஜன்னலைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னான்.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க. எனக்குப் பின்னாடி யாரோ கை தட்டுற மாதிரியே இருக்குதுண்ணா."

நானும் ஒவ்வொரு ஆட்டத்திலும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். காய்ச்சல் என்றோ தூக்கமின்மை என்றோ நினைத்து யாரிடமும் வாய் திறக்கவில்லை.

கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்திலேயே. ஜெயித்தால் அடுத்த சுற்று, இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஆட்டம் தொடங்கும் நேரத்தில், தோளில் துண்டும் கையில் மஞ்சள் பையுமாக ஒருவர் வந்து சாரிடம் பேசிக்கொண்டிருந்தார். முனிராஜின் அப்பா. காலேஜ் ஜெர்ஸி வீட்டில் இருக்கிறது, காலேஜ் பொருள் காலேஜுக்குச் சேர வேண்டும் என்று துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தார். சார் அதை வாங்காமல், ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். காலால் பந்து தட்டினால் ராகி விளையுமா என்று மகனைத் தினமும் ஏசுகிற மனிதர் அவர், முனிராஜே சொல்லியிருக்கிறான். வந்து வலது கோட்டுக்கு வெளியே நின்றார்.

நான் அடித்த முதல் பந்து வெளியே போனது. அவர் குனிந்து எடுத்து, துண்டால் துடைத்து, இரண்டு கையாலும் சலீமிடம் நீட்டினார். இரண்டாவதும் அங்கேயே போனது. அடுத்ததும். வேடிக்கை பார்த்தவர்கள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். அவமானம் என்னைப் பிடுங்கித் தின்றது. இடைவேளைக்குப் பிறகு பார்க்கிறேன், அவர் நின்ற இடத்தில் இல்லை. நாங்கள் பக்கம் மாறியதும் அவரும் எதிர்ப்பக்கம் வந்து, கோட்டோரமாக நடந்துகொண்டிருந்தார். நான் பந்தைத் தொட்டதுமே நடையை எட்டிப் போட்டு, பந்து எங்கே வெளியே வருமோ அங்கே போய் நின்றார். கடைசிக் கொஞ்ச நேரம் ஓடவே செய்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.

ஒரு கோலில் தோற்றோம். வியர்வையோடு தரையில் உட்கார்ந்திருந்தேன். முனிராஜின் அப்பா மூச்சு வாங்கியபடி என் முன்னால் வந்து நின்றார்.

"ஏம்ப்பா, ஆளே இல்லாத எடத்துக்கே போட்டுனு இருந்தியே, யாருக்கு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "முனிராஜுக்குப் போட்டு பழகிப்போச்சுங்க."

அவர் அந்தக் கோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். "அத்தன தூரம் ஓடியாந்துருவானா?"

"வந்துருவாங்க. அவன் இருக்கிறப்ப ஒரு பந்துகூட வெளிய போனதில்ல."

தலையை ஆட்டிக்கொண்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஒரு நாளும் வந்து பாத்ததில்ல. இன்னிக்குத்தான் எம்பையன் ஆடுறத பாத்தேன்" என்றார். ஜெர்ஸியைத் திரும்பப் பையிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அன்றைக்கு நான் அழுத மாதிரி, அதற்குப் பிறகு என் சொந்த வீட்டுச் சாவுக்குக்கூட அழுததில்லை.

அந்த மைதானம் இப்போது ஒரு கிடங்கு. வலது கோடு இருந்த இடத்தில் கண்டெய்னர் லாரிகள் பின்பக்கமாக வந்து நிற்கின்றன. பிரான்சிஸ் சார் போய்ச் சேர்ந்துவிட்டார். சலீம் துபாயில் இருக்கிறான், பெருநாளுக்கு மட்டும் பேசுவான். சானமாவுக் காட்டுப் பக்கம் யானை வந்திருக்கிறது என்று போனில் எச்சரிக்கை வரும்போதெல்லாம் நான் தேநீரைக் கீழே வைத்துவிடுகிறேன்.

யாருக்கு என்று கேட்ட அந்த டூல் ரூம் பையனுக்கு ஏதோ மழுப்பலாகப் பதில் சொல்லிவிட்டு மறுபடி ஆடினேன். டர்ஃபில் பந்து வெளியே போக வழியில்லை. வலையில் பட்டுத் தானாகத் திரும்பி வந்துவிடுகிறது, எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் அங்கே நிற்க வேண்டியதில்லை. இன்னொரு பந்து வந்தது. இந்த முறை காலால் அமுக்கி நிறுத்திவிட்டு, காதைக் கொடுத்துக் கேட்டேன். பையன்கள் கத்தினார்கள், ரோட்டில் ஹாரன் அடித்தார்கள். அந்த இரண்டு கை தட்டல் மட்டும் கேட்கவில்லை. எப்போதிலிருந்து கேட்காமல் போனது என்று யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை.

பந்தை வலது ஓரத்துக்கே அடித்தேன்.