குழாய்த் துவக்கு வீட்டில் இருந்த நாட்கள்

சாச்சாவின் துவக்கை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது எனக்குப் பயம் வரவில்லை. உடம்பெல்லாம் ஒரு துள்ளல்தான் வந்தது. நினைத்ததைவிடப் பாரம். மரப்பிடி வழவழவென்று இருந்தது. தோட்டா இல்லை என்று சாச்சா இரண்டு முறை திறந்து காட்டிய பிறகும் குழலை யார் பக்கமும் திருப்பாமல் நிலத்தைப் பார்க்க வைத்திருந்தேன்.

"என்ன புள்ள, குடுக்க மனமில்லையா?" என்றார் சாச்சா.

உண்மையில் மனமில்லை.

சாச்சா வாப்பாவின் தம்பி. முழங்கால் பழுதாகி வெள்ளாமை செய்வதை விட்டுவிட்டார். பயிர்க் காவலுக்காக அனுமதி எடுத்து வைத்திருந்த துவக்கைச் சட்டப்படி வாப்பாவின் பெயருக்கு மாற்றலாம் என்பது அவருடைய யோசனை. வாப்பாவுக்கு அது பெருநாள் சேதி. போன போகம் கதிர் முற்றிய நேரத்தில் காட்டுப்பன்றிகள் எங்கள் வயலில் பாதியை உழுதுவிட்டுப் போயிருந்தன. இந்தப் போகமும் கதிர் முற்றத் தொடங்கியிருந்தது. விண்ணப்பத்தைத் திங்கட்கிழமை கொடுப்பதென்று வாப்பா முடிவு செய்தார்.

ஒரே ஒரு சிக்கல். எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீட்டைப் பெண்பிள்ளைக்குத்தான் எழுதிக் கொடுப்பார்கள். மூத்த மகளான என் ராத்தாவுக்குக் கொடுத்த வீடு பக்கத்து வளவில் இருக்கிறது. நாங்கள் இருக்கும் வீட்டின் உறுதிப்பத்திரம் என் பெயரில்.

"ஊட்டுக்காரி நீதான்," என்றார் வாப்பா. "நீ வேணா எண்டா வேணா. ஓம் எண்டா ஓம்."

வேடிக்கையாகச் சொன்னாலும் முகத்தில் வேடிக்கை இல்லை. எனக்குத் தூக்கம் போய்விட்டது.

நான் சூரிய மின்தகடு பொருத்தும் இடமொன்றில் தொழில்நுட்ப வேலை செய்கிறேன். எதையும் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதாமல் எனக்கு யோசிக்க வராது. நன்மைப் பக்கத்தில் எழுதியவை எல்லாம் உண்மை: ஒரு வெடிச் சத்தத்துக்கே பன்றிக் கூட்டம் ஓடும். டோர்ச்சும் தகரமும் மட்டும் வைத்துக்கொண்டு வயல்வெளி வட்டைக்குள் போகிற வாப்பாவுக்குத் தைரியம் வரும். உம்மா நிம்மதியாகக் கண் மூடுவா. ஆபத்துப் பக்கமும் உண்மை: ராத்தாவின் நாலு வயது மகள் எங்கள் வீட்டில் திறக்காத மூடி இல்லை. வீட்டில் துவக்கு இருக்கிறது என்று தெரிந்தால் அதற்காகவே கள்ளன் வரலாம். பொலிஸ் வழியில் மறித்துக் கேட்கும் இடங்களில், தொப்பி போட்ட மனிசன் தோளில் துவக்கு ஏன் என்று ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டும். எழுதி முடித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே நீளம்.

எங்கள் வேலையில் எதையும் கூரையில் ஏற்றுமுன் கீழே வைத்துச் சோதித்துப் பார்ப்போம். அந்த யோசனை வந்ததும் எழுந்து குந்திவிட்டேன்.

காலையில் ஒன்றரை அங்குல பிளாஸ்டிக் குழாய்த் துண்டொன்றை எடுத்து, சாச்சாவின் துவக்கு நீளத்துக்கு வெட்டி, மணல் நிரப்பி, அதே பாரம் வரும்வரை தராசில் வைத்து வைத்து எடுத்து, இரு முனையையும் மூடியால் அடைத்தேன். தோட்டாவுக்குப் பதிலாக இரண்டு டோர்ச் பற்றரி.

"திங்கட்கிழமை வரைக்கும் இதுதான் துவக்கு," என்றேன். "அலுமாரில பூட்டணும். தோட்டா வேற இடத்தில. வட்டைக்குப் போனா கொண்டு போகணும், கொண்டு வரணும். உங்களத் தவிர ஒருத்தரும் தொடப்படாது. இது சரியா நடந்தா நான் ஓம்."

வாப்பா குழாயைத் தோளில் வைத்துப் பார்த்தார். "நான் மறக்கிற ஆளா, புள்ள? இதென்ன பெரிய விசயம்!"

"ஆ, துவக்குப் போடியார் வெளிக்கிட்டுட்டார்," என்றா உம்மா அடுப்படியிலிருந்து. "பண்டியெல்லாம் சிரிச்சே செத்துரும்."

ஆனால் வாப்பா என்னை வியக்க வைத்தார். எடுத்தார், பூட்டினார், சாவியை உம்மாவிடம் கொடுத்தார். முதல் இரண்டு நாளும் ஒரு பிழை இல்லை. ஓம் சொல்லிவிடுவேன் போலிருந்தது. அது எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது, ஏனென்றால் அந்த மரப்பிடி இன்னும் என் உள்ளங்கையிலேயே இருந்தது.

மூன்றாம் நாள் ராத்தாவின் மகள் என் மடியில் ஏறிக் காதுக்குள் சொன்னாள்: "சாச்சி, அலுமாரிச் சாவி உம்மம்மாட தலகாணிக்குக் கீழ இரிக்கி. நான் ஆருக்கும் சொல்லல."

நான் சொன்னதும் உம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்த நிமிடமே சாவியைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டா.

அடுத்த நாள் பின்னேரத்துக்குச் சற்று முன், பக்கத்து வயல்காரர் வாப்பாவுக்கு அழைத்தார். பட்டப்பகலிலேயே பன்றி இறங்கியிருந்தது. வாப்பா மோட்டார் சைக்கிளை முடுக்கியபடி "துவக்கு! துவக்கு!" என்று கத்தினார். அலுமாரி பூட்டியிருந்தது. சாவி உம்மாவின் முந்தானையில். உம்மா நாலு தெரு தள்ளி ஒரு கலியாண வீட்டில்.

ஸ்கூட்டியில் பறந்தேன். பெண்கள் நெருக்கியடித்திருந்த அறைக்குள் புகுந்து, "உம்மா, சாவி! பண்டி வந்திட்டு!" என்றேன். மணப்பெண் உட்பட எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கலியாண ஊட்டுல கதைக்கிற கதையா இது?" என்றபடி உம்மா முடிச்சோடு போராடினா. அவிழ மறுத்தது. கடைசியில் மருதாணிக் கையோடு மணப்பெண்தான் பல்லால் அவிழ்த்துத் தந்தாள்.

வாப்பா குழாயைச் சைக்கிளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டபோது எனக்கு மூச்சு வாங்கியது. வாங்கிய மூச்சோடுதான் அது உறைத்தது. எங்கள் ஊர்க்காரர் எல்லோரும் கடற்கரையோடு நெருக்கி வீடு கட்டிக்கொண்டு, மேற்கே அரை மணித்தியாலத் தூரத்தில் வயல் செய்கிறவர்கள். வீட்டில் பூட்டி வைத்த துவக்கு வயலைக் காவல் காக்காது. வயலைக் காக்கும் துவக்கு வீட்டில் இருக்காது. இரண்டுக்கும் நடுவிலுள்ள தெருவின் தூரத்தை என் இரண்டு பத்தியிலும் நான் எழுதவே இல்லை.

அஸர் தொழுகைக்குப் பிறகு வாப்பா சிரித்த முகத்தோடு வந்து இறங்கினார். அவர் போய்ச் சேருமுன்பே வயல்காரர்கள் தகரம் தட்டிப் பன்றிகளை விரட்டியிருந்தார்கள். சேதம் கொஞ்சம்தான்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றேன். "துவக்கு எங்க வாப்பா?"

வாப்பா சைக்கிளைப் பார்த்தார். கட்டிய கயிறு மட்டும் தொங்கியது. சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"பள்ளி," என்றார். "பள்ளில வச்சிட்டன்."

நான் ஓட்ட, அவர் பின்னால் ஏறினார். வழியில் துண்டு துண்டாகச் சொன்னார். வரும் வழியில் பாங்கு சொல்லிவிட்டது. சைக்கிளில் விட்டால் யாராவது எடுத்துவிடுவார்கள் என்று குழாயை அவிழ்த்து உள்ளே கொண்டுபோனார். தொழுமுன் முகம் கைகால் கழுவி வுழூ எடுக்க இரண்டு கையும் வேண்டும். அதற்கான தண்ணீர்த் தொட்டி, ஹவுளின் ஓரத்தில், செருப்புகளுக்குப் பக்கத்தில் சாய்த்தார். தொழுது முடிந்து, நண்பர்களிடம் பன்றிக் கதை சொல்லிச் சொல்லியே வெளியே வந்துவிட்டார்.

நான் பள்ளிவாசலின் வாசலில் நின்றேன். உள்ளே ஹவுளடியில் தண்ணீர்க் குழாய் திருத்துகிறவர் குந்தியிருந்தார். அவர் காலடியில் சிறு மணற்குவியல்.

"இதில ஒரு பைப் இருந்த?" என்றார் வாப்பா.

"ஓம் காக்கா, நல்ல பைப். அளவும் சரி. பள்ளிக்கு ஆரோ குடுத்த எண்டு வெட்டிப் போட்டன். உள்ளுக்க மண்ண அடைச்சிரிந்தான் ஒரு விசரன்!"

வாப்பா குனிந்து மணற்குவியலைப் பார்த்தார். புதிதாகப் பொருத்திய குழாயைத் திறந்தார். தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. வாசலில் நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். வெளியே வந்தவர் ஹவுளடியைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"சின்னப் புள்ளையள் ஓதிப்போட்டு ஹவுளடிக்குத்தான் ஓடி வரும்," என்றார். "அதுவா இருந்திருந்தா?"

"நீங்க கவனமான ஆள்தான், வாப்பா."

"கவனமாத்தான் இருந்தன். அதுதான் பயமா இரிக்கி."

சாச்சாவிடம் அன்றே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் பன்றிகள் கதையைக் கேட்டு நிற்கவில்லை, கதிர் முற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து வயல்காரர்கள் நால்வரைச் சேர்த்துக்கொண்டு வாப்பா என் முன் வந்து குந்தினார். "இனி நீ சொல்லு," என்றார். வயலைச் சுற்றி மின்வேலி போடலாம், ஆனால் வீட்டு மின்சாரத்தை அதன் கம்பியில் கொடுக்கவே கூடாது, அது ஆளைக் கொல்லும் என்பதை முதலில் சொன்னேன். சூரியத் தகட்டில் ஓடும் வேலிக்கருவி விட்டு விட்டுத்தான் அதிர்ச்சி கொடுக்கும். விரட்டும், கொல்லாது. அதை முறைப்படி எடுத்து, முழங்கால் உயரத்துக்குள் இரண்டு கம்பி இழுத்தோம். புல் முட்டினால் வலுக் குறையும் என்பதால் ஒவ்வொரு நாளும் ஒருவர் வயல் வரம்போடு நடந்து பார்க்க வேண்டும். அது சாத்தியமா என்று இன்னும் முழுசாகத் தெரியாது.

நான் விசையைப் போட்டபோது ஐந்து பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். டிக். சிறிது இடைவெளி. டிக்.

"பண்டிக்கு இந்தச் சத்தம் காணாதே," என்றார் வாப்பா, ஏமாந்த குரலில். பிறகு ஒரு புல்லைப் பிடுங்கிக் கம்பியில் தொட்டார். "யா அல்லாஹ்!" என்று வரம்பிலிருந்து துள்ளி விழுந்தார். எழுந்தவர் சேற்றுக் கையோடு, கண் மின்ன, மற்ற நால்வரிடமும் ஆளுக்கொரு புல்லை நீட்டினார்.