மைக்கில் போன பிள்ளை

எங்கள் பாஸ்டர் பிரசங்கத்தில் சபையார் யாரைப் பற்றியும் பேச மாட்டார். அந்த ஒழுக்கம் அவருக்கு உண்டு. எல்லாவற்றையும் ஜெபத்துக்கென்று எடுத்து வைத்துக்கொள்வார். யார் வீட்டில் குடி, யார் பெண்ணுக்கு வரன் தட்டிப்போனது, எல்லாம் ஜெபத்தில் வரும். அப்போது நாங்கள் கண்ணை மூடியிருப்போம். குறுக்கே பேச முடியாது, பேசினால் ஆண்டவரையே மறித்த பாவம். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில்தான் என் பிள்ளை என் கையை விட்டுப் போனான்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் எனக்கு வேலை. பியூஸ் கேரியர்களைப் பூச்சுக் கரைசலில் முக்கி எடுத்து, சூளைக்குப் போகிற பலகையில் அடுக்குவேன். பிரசவத்துக்குப் பிறகு மனசு சரியில்லாமல் போய்விட்டது. அழுகைகூட வராது. பிள்ளை தொட்டிலில் கத்துவான், எனக்கு எழுந்து தூக்க மனம் வராது. கடலூரில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். பிள்ளை பெற்ற நிறையப் பேருக்கு இது வரும் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைச் சாப்பிட்டுத் தேறி, வேலைக்கும் திரும்பினேன்.

ஆனாலும் ஆண்டவர் என்மேல் கோபமாக இருக்கிறாரோ என்று உள்ளே ஒரு பயம். அதை டாக்டரிடம் கேட்க முடியாதே. பாஸ்டர் வீட்டுக்குப் போனேன். பாஸ்டரம்மா டீ கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். ஒன்றையும் மறைக்காமல் பாஸ்டரிடம் சொன்னேன்.

"கவலப்படாதீங்க சிஸ்டர், இது நம்மளோட இருக்கட்டும்" என்றார்.

அந்த 'நம்மளோட'வில் எங்கள் ஆராதனையைப் போனில் லைவ் பார்க்கிற ஊர் ஜனமும் சேர்த்தி என்று எனக்கு அப்போது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் அவர் குரல் தழுதழுத்தது. "ஆண்டவரே, பீங்கான் பட்டறையில் பாடுபடுகிற ஒரு சகோதரி எங்கள் நடுவில் இருக்கிறாள். பெற்ற பிள்ளையைத் தூக்க மனமில்லாதபடி ஒரு பொல்லாத ஆவி அவளைக் கட்டி வைத்திருக்கிறது. மாத்திரைக்கு அடிமையாகிப் போனாள், அவள் கட்டுகளை அறுத்துப்போடும்." பேர் மட்டும் சொல்லவில்லை. எங்கள் சபையில் பீங்கான் பட்டறைக்குப் போகிற கைப்பிள்ளைக்காரி நான் ஒருத்திதான். கண்ணைத் திறந்து பார்த்தேன். முன் வரிசைக்காரர்களும் கண்ணைத் திறந்து, திரும்பி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் மாமியார் ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கிறார். எங்கள் சபை லைவை ஒரு வாரமும் தவற விடாதவர். மறுநாள் காலையிலேயே பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"புள்ள கொஞ்ச நாளைக்கு என்கிட்ட இருக்கட்டும். மாத்திர மயக்கத்துல நீ கீழ போட்டுட்டீன்னா?" என்றார்.

என் வீட்டுக்காரர் பெண்ணாடம் மில்லுக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர். எவ்வளவு லோடானாலும் இழுப்பார், அம்மாவிடம் மட்டும் வாய் திறக்க மாட்டார். பால் புட்டியை எடுத்துப் பையில் வைத்தார். நான் கத்தினேன். கத்தியதே எனக்கு வினையாகப் போனது.

"பாத்தியாடா, பாஸ்டர் சொன்னது நெசந்தான்" என்று அத்தை தன் மகனிடம் சொல்லிவிட்டு, பிள்ளையோடு ஸ்ரீமுஷ்ணம் பஸ் ஏறினார்.

அதற்குப் பிறகு நான் வாயைத் திறந்தால் என் நோய்தான் பேசியது. கோபப்பட்டால் நோய், சும்மா உட்கார்ந்திருந்தால் அதுவும் நோய். என் வீட்டுக்காரர் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு எனக்கு என்னதான் வியாதி என்று கேட்டாராம். "அவங்கள கூட்டிட்டு வாங்க, அவங்க சம்மதிச்சா சொல்றேன்" என்று அவர் வைத்துவிட்டாராம். காசு வாங்கிக்கொண்டு பார்க்கிறவருக்கு இருக்கிற நாணயம், கர்த்தர் பேரைச் சொல்லிக் கேட்கிறவருக்கு இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று சாயங்காலமே பாஸ்டர் வீட்டுக்குப் போனேன்.

"நான் மனுஷங்ககிட்ட சொல்லல சிஸ்டர். ஆண்டவர்கிட்டதான் சொன்னேன்" என்றார்.

"ஆண்டவருக்கு என்ன காது கேக்காதுங்களா ஐயா? அவர்கிட்ட பேச மைக்கு எதுக்கு?"

"பேரச் சொல்லலையே."

"அட்ரஸையே சொல்லிட்டீங்க. அப்புறம் பேரு எதுக்கு?"

அவர் சிரித்து மழுப்பினார். நான் விடவில்லை. "ஸ்ரீமுஷ்ணத்துக்கு வந்து எங்க அத்தைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. இவ நம்பிச் சொன்னத நான் வெளிய விட்டுட்டேன், தப்பு என்னுதுன்னு சொல்லுங்க. புள்ள திரும்பி வந்துடும்."

"ஊழியக்காரன் அப்படி எறங்கி வந்தா சபைக்கு என்ன மரியாதை? நீங்க வர்ற ஞாயித்துக்கெழம சாட்சி சொல்லுங்க. மாத்திரைய விட்டுட்டேன், ஆண்டவர் விடுதல குடுத்தாருன்னு சொன்னா அத்தைக்கும் மனசு ஆறிடும்."

சொல்லக்கூடாத உண்மையை அவர் சொல்லிவிட்டார், இப்போது ஒரு பொய்யை நான் சொல்ல வேண்டும். "சரிங்க ஐயா, சாட்சி சொல்றேன்" என்று எழுந்து வந்தேன்.

சாட்சி நேரத்தில் அவரே முகமெல்லாம் சிரிப்பாக மைக்கை என் கையில் கொடுத்தார். ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, சபையைப் பார்க்காமல், தூணோரம் லைவுக்கென்று ஸ்டாண்டில் நிறுத்தியிருந்த போனைப் பார்த்துப் பேசினேன்.

"அத்தை, பாத்துக்கிட்டு இருப்பீங்க. போன வாரம் ஐயா ஜெபிச்சது என்னப் பத்திதான். அத நான் கதவச் சாத்திக்கிட்டு அவர்கிட்ட மட்டும் சொன்னேன். எனக்கு எந்த ஆவியும் புடிக்கல. டாக்டர் குடுத்த மாத்திரையில தேறிக்கிட்டு வரேன், இன்னைக்கும் சாப்புடுவேன். இனிமே என்னப் பத்தி யாரு சொன்னாலும், ஜெபத்துலயே சொன்னாலும், என்கிட்ட கேளுங்க. அடுத்த பஸ்ஸுக்கு வரேன். புள்ளையக் கெளப்பி வைங்க."

சாட்சி முடிந்தால் சபையே ஆமென் சொல்லும். அன்றைக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு அம்மா சொன்னார். பழக்கத்தில் சொன்னாரா, வேண்டுமென்றே சொன்னாரா தெரியாது. எப்படியானாலும் அவருக்கு நன்றி. மைக்கை பாஸ்டர் கையில் கொடுத்துவிட்டு நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

பஸ் ஸ்ரீமுஷ்ணத்தை நெருங்கும்போது பாஸ்டர் போனில் வந்தார். "சபை மானத்த வாங்கிட்டீங்களே சிஸ்டர். நீங்க பேசுனத வீடியோவுல வெட்டச் சொல்லியிருக்கேன்."

"போன வாரம் நீங்க பேசுனத?"

"அது ஜெபமாச்சே."

"அப்ப என்னுது சாட்சி. வெட்டுனா ரெண்டையும் வெட்டுங்க. இல்லன்னா அடுத்த ஞாயித்துக்கெழமயும் வந்து கேப்பேன்" என்று வைத்துவிட்டேன். பக்கத்து சீட்டு அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அத்தை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். அவன் என்னைக் கண்டதும் தாவினான். அத்தை விடவில்லை.

"புள்ளையத் தூக்க மனசு வரலன்னு நீ சொன்னது நெசமா?"

"நெசந்தான் அத்தை. மனசு வராத அன்னைக்கும் ஒரு தரம்கூட அவன அழ விட்டதில்ல. எழுந்து போய் தூக்குனேன். அதையும் பாஸ்டர்கிட்ட சொன்னேன். அத மட்டும் அவரு ஜெபத்துல விட்டுட்டாரு."

அத்தை பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, அவன் துணிப்பையை எடுக்க உள்ளே போனார்.